மறுசோறு கேட்கும் முன்

கொல்கத்தாவின் பழைய சோற்றுக் கடைகளைப் ‘பைஸ் ஹோட்டல்’ என்பார்கள். சில்லறைக் காசுக்கு வயிறு நிறைந்த காலத்தில் வந்த பெயர். கல்லூரித் தெருப் பக்கத்துச் சந்தில் இருக்கும் சுவாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல் அவற்றில் பேர்போனது; சுபாஷ் சந்திர போஸ் சாப்பிட்ட இடம் என்று இன்றும் கொண்டாடப்படுவது. இந்தக் கடைகளில் ஒவ்வொரு பண்டத்துக்கும் தனிக் கணக்கு. சோறு, பருப்பு, மீன் துண்டு எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடக் காசு உண்டு. மறுசோறு வாங்கினால் அதுவும் கணக்கில் ஏறும். வங்காளத்து ரயிலடிகளில் இருக்கும் மீன்-சோற்றுக் கடைகளிலும் இந்தப் பழக்கத்தின் சாயல் தெரியும். ஹூக்ளியின் மேற்குக் கரையில், ஹவுரா மாவட்டத்தில் இருக்கும் சாந்த்ராகாச்சியும் அப்படி ஒரு ரயிலடி ஊர்தான். சென்னை சென்ட்ரலுக்கு ஏசி எக்ஸ்பிரஸ் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு இந்தக் கணக்கு கஞ்சத்தனமாகத் தோன்றும். நம் ஊர்க் கடைப் பலகையில் ‘அளவுச் சாப்பாடு’ ஒரு விலை, ‘முழுச் சாப்பாடு’ ஒரு விலை. இரண்டாவதை எடுத்தவர் எத்தனை முறை சோறு கேட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. கேட்பதற்கு முன்பே வாளியோடு வந்து நிற்பார்கள். பசித்தவனுக்கு அது பெரிய தர்மம்தான். ஆனால் காலையில் நான்கு இட்லி தின்றுவிட்டு, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது தர்மமாகுமா? பைஸ் ஹோட்டல் தன்னையறியாமல் ஒரு நல்ல காரியம் செய்கிறது. ஒவ்வொரு கரண்டிக்கும் முன்னால் ஒரு சிறு நிறுத்தம் வைக்கிறது. ‘வேண்டுமா?’ என்று அங்கே தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. முழுச் சாப்பாட்டில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

அளவுக்கு மேல் சாப்பிடுவதை நாம் நாக்கின் குற்றமாகவும் மனக்கட்டுப்பாடு இல்லாத குற்றமாகவும் பேசிப் பழகிவிட்டோம். உடலைப் பற்றித் தெரிய வந்திருப்பது வேறு கதை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் கண்டுபிடித்தார்கள். இரைப்பை விரிவதும், குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 போன்றவையும் ‘போதும்’ என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. கவளம் உள்ளே போன கணமே அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. வேகமாகச் சாப்பிடுகிறவர் அது வருவதற்குள் இலையை முடித்துவிடுவார். 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடை குறைக்கும் ஊசிகள் ஜிஎல்பி-1இன் வேலையைத்தான் வெளியிலிருந்து செய்கின்றன. ஒரு ஊசி போட்டதும் பெருந்தீனி அடங்குகிறது என்றால், இத்தனை காலம் அதை ஒழுக்கக்கேடு என்று திட்டியது எவ்வளவு அநியாயம்!

சாந்த்ராகாச்சி நிலையத்தை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வாத்தினப் பறவைகள் கூடும். அவற்றில் சில இமயத்துக்கு அப்பாலிருந்து வருபவை. வலசைப் பறவைகள் கிளம்புவதற்கு முன் சில வாரங்கள் வெறிகொண்டதுபோல் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தத் தீனியை அவற்றின் உடல்தான் கேட்கிறது, பறந்து முடிக்கையில் அத்தனையும் செலவாகிவிடும். கிடைக்கும்போது தின்று சேர்த்துவை என்ற ஏற்பாடு மனித உடலுக்கும் உண்டு. நமக்குக் கிடைக்காத நாள் என்று ஒன்று வருவதில்லை, பறப்பதற்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இல்லை.

இதன் விலை என்ன என்பது கணக்கில் தெரிகிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் அஞ்சனா, மோகன் முதலானோர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் என்றது அது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வந்தது. இந்தியர்களின் அன்றாடக் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை. ஆகவே நம்மூரில் ‘அதிகம் சாப்பிட்டேன்’ என்றால் பெரும்பாலும் ‘சோறு அதிகம் சாப்பிட்டேன்’ என்றே பொருள். கத்தரிக்காய்ப் பொரியலை அளவு மீறித் தின்று எடை கூடியவரை யாரும் பார்த்திருக்க முடியாது.

சோறு எப்படி அளவு மீறுகிறது என்பதைப் பார்க்க வங்காளத்து மதியச் சாப்பாட்டை விடச் சிறந்த பாடம் இல்லை. தட்டின் நடுவில் கிண்ணத்தால் கவிழ்த்த சோறு. சுற்றிலும் சிறு கிண்ணங்கள். முதலில் வருவது சுக்தோ: பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய் எல்லாம் சேர்ந்த, லேசாகக் கசக்கும் காய்க் குழம்பு. பிறகு கீரை, வறுவலோடு பருப்பு, பிறகு ஒரு காய்கறி, அதன் பின் மீன், சில நாட்களில் இறைச்சி. கடைசியில் புளிப்பும் இனிப்புமான சட்னி, தயிர், சந்தேஷ். கசப்பில் தொடங்கி இனிப்பில் முடிவது மாறாத முறை.

இதில் பாதி மிக நல்லது. நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அல்பனா சுக்லாவும் உடனிருந்தவர்களும் 2015இல் ஒரு சிறு சோதனையை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயுள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் ரொட்டி முதலில், காயும் கோழியும் பின்னால். இன்னொரு நாள் காயும் கோழியும் முதலில், ரொட்டி பின்னால். காய் முன்னால் போன நாளில், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் இருந்த சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. பதினொரு பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாதுதான். ஆனால் ஜப்பானில் நடந்த சோதனைகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன. சுக்தோவை முதலில் வைத்த வங்காளத்து வழக்கத்துக்கு இப்படி ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது.

மறுபாதிதான் வில்லங்கம். ஒரு சுவை அலுத்துவிட்டாலும் அடுத்த சுவைக்கு வாய் புதிதாகத் திறக்கும். பார்பரா ரோல்ஸ் முதலான ஆய்வாளர்கள் 1980களில் ஆக்ஸ்போர்டில் இதை அளந்து பார்த்தார்கள். நான்கு சுற்றுக்கும் ஒரே பண்டத்தைக் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, சுற்றுக்கு ஒன்றாக வெவ்வேறு பண்டம் கொடுத்தபோது மக்கள் 60 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தபிறகும் பாயசத்துக்கு இடம் கிடைக்கும் ரகசியம் இதுதான். வங்காளத்தில் சுக்தோவுக்குக் கொஞ்சம் சோறு, பருப்புக்குக் கொஞ்சம், மீன் குழம்புக்கு இன்னும் கொஞ்சம். நம் இலையில் சாம்பாருக்கு ஒரு முறை, வத்தக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. சுவை நான்கு, அதில் குறையொன்றுமில்லை. நான்கு முறையும் புதுச் சோறு வருவதுதான் கோளாறு. ஒவ்வொரு புதுச் சுவையும் ஒரு புதுப் பசியைக் கிளப்புகிறது, அந்தப் பசியை நாம் அரிசியால் அடைக்கிறோம்.

சுவைகளைக் குறைக்கச் சொல்லும் உணவுத் திட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரசத்தையும் மோரையும் துறந்து யார் எத்தனை நாள் இருப்பார்கள்? சோறு ஒரே ஒரு முறைதான் வரும் என்று வைத்துக்கொள்வது எளிது. முதலில் பொரியலும் கூட்டும் மட்டும் இலையில் விழட்டும். பாதி தீர்ந்தபின் சோறு வரட்டும். வந்த சோற்றைக் கையாலேயே மூன்றாகப் பிரித்து, பெரிய பங்கைச் சாம்பாருக்கும் நடுப் பங்கை ரசத்துக்கும் கடைசி ஒரு பிடியை மோருக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம். நான்கு விரலால் இரண்டு கோடு இழுத்தால் போதும். சாம்பார்ச் சோறு தீர்ந்ததும் ‘ரசத்துக்குச் சோறு போடு’ என்று வாய் தானாகச் சொல்ல வரும். ரசத்துக்கான சோறு ஏற்கெனவே இலையில் காத்திருக்கும். கொஞ்ச நாள் இது விளையாட்டுப் போல் இருக்கும், பிறகு பழகிவிடும்.

எவ்வளவு சோறு என்பதை இலை முன்னால் உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடாது. அப்போது பசி பேசும், பக்கத்து இலை பேசும், குழம்பின் வாசனை பேசும். உலை வைக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். ஹைதராபாதில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளுக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம் என்கிறது. சமைக்காத தானியத்தின் எடை அது, மூன்று வேளைக்கும் சேர்த்து. காலை இட்லிக்கும் இரவுச் சப்பாத்திக்கும் போக மதியத்துக்குத் தலைக்கு 100 கிராம் அரிசி வரும். வெந்தபின் அது இரண்டரை மடங்குக்கு மேல் எடை கூடும். ஒரு வேளைக்குக் குறைவான சோறு அல்ல. அந்த அளவு உங்கள் வீட்டு டம்ளரில் எந்தக் கோடு வரை வருகிறது என்று ஒரு முறை எடை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு தராசே வேண்டாம்.

பரிமாறும் அளவு பெரிதானால் உண்ணும் அளவும் பெரிதாகும் என்பது நன்றாக நிலைத்த உண்மை. ரோல்ஸ் பின்னாளில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2002இல் செய்த சோதனையில், 500 கிராம் மக்ரோனி வைத்தபோது சாப்பிட்டதைவிட 1000 கிராம் வைத்தபோது மக்கள் 30 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள். சின்னத் தட்டு வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்லும் அறிவுரைக்கு இவ்வளவு பலம் கிடையாது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. 2018இல் ஒரே நாளில் ஆறு கட்டுரைகளை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்கள் விலக்கின. பல்கலைக்கழகம் ஆய்வு நெறி மீறப்பட்டதாகக் கண்டது. ரோல்ஸ் தனியாகச் சோதித்துப் பார்த்தபோது தட்டின் அளவு உண்ணும் அளவை மாற்றவில்லை. சின்னத் தட்டென்றால் இன்னொரு முறை போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே அத்தை கொடுத்த பெரிய எவர்சில்வர் தட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஹாட்பாக்ஸை மேஜையிலிருந்து அடுப்படிக்கு எடுத்துப் போனால் போதும். எழுந்து போய் எடுக்க வேண்டும் என்றாலே மறுசோற்றில் பாதி குறையும் என்பது என் அனுமானம்.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது வங்காளிகளை மெச்சாமல் இருக்க முடியாது. இலிஷ் மீனை அவசரமாகத் தின்ன ஒருவராலும் முடியாது. மயிர் போன்ற முள் ஒவ்வொரு விள்ளலிலும் இருக்கும்; விரல் நுனியால் தடவி, நாக்கால் தேடி, தட்டோரத்தில் ஒதுக்கிய பிறகுதான் அடுத்த வாய். தண்டுக்கீரையின் முற்றிய தண்டை விரல் நீளத்துக்கு வெட்டிக் கடுகு அரைத்துவிட்டுச் சமைப்பார்கள். பல்லிடுக்கில் வைத்து இழுத்து, சாற்றை உறிஞ்சி, சக்கையை உமிழ வேண்டும். ஒரு தண்டுக்கு அரை நிமிடமாவது ஆகும், வயிற்றுக்குள் போவதோ அனேகமாகச் சாறு மட்டும். நம் முருங்கைக்காய்ச் சாம்பாருக்கும் நண்டுக் குழம்புக்கும் இதே குணம். மெல்ல உண்ணும்போது உட்கொள்ளும் கலோரி குறைகிறது என்று 22 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு முடிவு வந்தது. 2019இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை மருத்துவமனைக்குள்ளேயே தங்கவைத்துச் சோதித்தார். ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவு கிடைத்த இரண்டு வாரங்களில் அவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி அதிகம் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். மென்மையானது, முள்ளற்றது, சக்கையற்றது தொண்டையில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ‘முப்பத்திரண்டு முறை மெல்லு’ என்று குழந்தையை மிரட்டுவதை விட்டு, மெல்லாமல் விழுங்க முடியாததைச் சமைப்பதே மேல்.

கைபேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கவனம் சிதறினால் அப்போதும் கூடுதலாக உள்ளே போகும், என்ன சாப்பிட்டோம் என்ற நினைவு மங்கி அடுத்த வேளையிலும் கூடும். சாந்த்ராகாச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும் ரயிலில் இது கண்கூடு. கடிகாரத்துக்குச் சாப்பாடு, சலிப்புக்குக் கட்லெட், பக்கத்து இருக்கைக்காரர் நீட்டியதற்கு மரியாதை.

நீரைப் பற்றி ஒரு நுணுக்கம் உண்டு. சாப்பாட்டுக்கு அரை மணி முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் உணவு குறைகிறது என்பது வயதானவர்களிடம் மெய்ப்பட்டது. இளைஞர்களிடம் அப்படித் தெளிவாகப் படவில்லை. ஆனால் நீர் உணவுக்குள்ளேயே கலந்திருந்தால் கதை மாறும். ரோல்ஸ் 1999இல் ஒரே கோழிச்சோற்றை மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்: அப்படியே ஒரு முறை, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஒரு முறை, அதே தண்ணீரை ஊற்றிச் சூப்பாக ஒரு முறை. சூப்பாகக் குடித்தபோது மட்டும் அடுத்து வந்த மதிய உணவு கணிசமாகக் குறைந்தது. நம்மிடம் ரசமும் பருப்புத் தண்ணியும் இருக்கின்றன. ஒரு டம்ளர் ரசத்தைச் சோற்றுக்கு முன்பே சூடாகக் குடித்துவிட்டு இலையில் உட்காருவது நல்ல உபாயம். உப்பைக் குறைத்து, எண்ணெய் மிதக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

சேனைக்கிழங்கை விட்டுவிட்டால் சாந்த்ராகாச்சிக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். அந்த ஊரின் பேரிலேயே சேனையில் ஒரு ரகம் உண்டு. வங்காளச் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு. வேகவைத்துக் கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசைந்து சோற்றோடு உண்பார்கள். கிழங்கென்றாலே கொழுக்கவைக்கும் என்ற பயம் நமக்கு இருக்கிறது. நூறு கிராம் சேனையில் ஏறக்குறைய 80 கலோரி. அதே எடைச் சோற்றில் 130 வரை. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது அதிகம் பசியடக்குகிறது என்று வரிசைப்படுத்தினார். முதலிடம் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு. வெள்ளை அரிசிக்கும் பழுப்பு அரிசிக்கும் அந்த வரிசையில் பெரிய வித்தியாசமே இல்லை. பழுப்பு அரிசிக்கு மாறினால் அளவு தானாகக் குறையும் என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சோற்றோடு கூடுதலாகச் சேனை வறுவல் தின்பது வேறு, சோற்றில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புளித்தண்ணீரில் வேகவைத்த சேனையை வைப்பது வேறு. நான் சொல்வது இரண்டாவதை.

மாலையில் வங்காளத் தெருவெங்கும் கிடைக்கும் பொரியும் இந்தக் கணக்கில் நல்ல பண்டம்தான்; பெரும்பாலும் காற்று. இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு நடக்கிற வீடுகளில், ஆறு மணிக்கு ஒரு கிண்ணம் பொரியும் வெள்ளரியும் தின்றவர் இரவில் தட்டின் மேல் பாய மாட்டார்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது அன்பு. தனியாக உண்பதைவிடப் பிறரோடு உண்ணும்போது உணவு 44 சதவீதம் கூடுகிறது என்று அமெரிக்காவில் ஜான் டி காஸ்ட்ரோ 1989இல் மக்களின் உணவுக் குறிப்பேடுகளிலிருந்து கணக்கிட்டார். வங்காளத்து வீட்டில் மாஷிமா கரண்டியோடு நிற்பார், நம் வீட்டில் பெரியம்மா. வேண்டாம் என்று கையை இலைமேல் நீட்டினால் விரலிடுக்கில் விழும். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. 1943இல் வங்காளத்தில் பஞ்சத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் பேர் பலியானார்கள். நம் பக்கம் 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின் பேச்சு பாட்டிகள் வாயில் நெடுங்காலம் இருந்தது. ‘இன்னும் கொஞ்சம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தப் பயம் நிற்கிறது. அதனால் வற்புறுத்தாதே என்று பெரியவர்களிடம் சொல்வதில் பயனில்லை; கரண்டியில் சோற்றுக்குப் பதில் வேறு ஏதாவது இருக்கட்டும் என்று கேட்கலாம். ‘சோறு போதும் பெரியம்மா, அந்த அவரைக்காய்ப் பொரியல் இன்னும் கொஞ்சம் போடுங்க’ என்றால் அவருக்கும் திருப்தி, நமக்கும் கேடில்லை. கல்யாணப் பந்தியிலும் இது பலிக்கிறது.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது. மருந்தின் அளவு பழைய சோற்றுக்குக் கணக்கிட்டது, சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். யாருக்கும் தெரியாமல், பசியில்லாமலே, நிறுத்த முடியாமல் தின்று பிறகு அழுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் சொன்னவை போதாது. அது 2013இல் உளநோய்ப் பட்டியலில் தனி நோயாக ஏற்கப்பட்டது, சிகிச்சை உண்டு.

கடைசியாகச் சாப்பிடுகிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாந்த்ராகாச்சியானாலும் சாத்தூரானாலும் பல வீடுகளில் பரிமாறுகிறவர் பெண், அவர் சாப்பிடுவது எல்லோருக்கும் பிறகு. அந்நேரம் மீனும் பொரியலும் தீர்ந்திருக்கும். மிஞ்சியிருப்பது சோறும் குழம்பும். வீணாகக் கூடாதே என்று அவர் அதைத் தீர்ப்பார். அவருடைய மிகையுணவுக்கும் ஊட்டக் குறைவுக்கும் காரணம் ஒன்றே. தலைக்கு அளந்து உலை வைத்தால் சட்டியில் மிச்சம் இராது. அவருக்குரிய மீன் துண்டையும் காயையும் முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு இலை போட வேண்டும். முடிந்தால் அவரும் சேர்ந்தே உட்கார வேண்டும்.